சுனாமி எச்சரிக்கை வந்த பிறகு: மூன்று நிலநடுக்கங்கள் தரும் பாடம்



"அன்றைக்கும் சுனாமி வரும் என்றார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடைசியில் என்ன வந்தது?" கடலோர ஊர்களில் இந்தக் கேள்வியை இன்னமும் கேட்கிறோம். கேட்பவர்களில் பலர் 2012 ஏப்ரல் 11ஆம் தேதியை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நேரான பதில் உண்டு. அது தெரியாமல் போனால், அடுத்த எச்சரிக்கை வரும்போது வீட்டிலேயே உட்கார்ந்துவிடத் தோன்றும். அதனால்தான் இந்த இதழின் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

சுமத்திரா தீவை ஒட்டிய கடலில் எட்டு ஆண்டுகளுக்குள் மூன்று மிகப் பெரிய நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. முதலாவது 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுப்ஹு முடிந்து பொழுது புலரும் நேரம், இந்திய நேரப்படி காலை 6.29. அளவு 9.1. அதன் விளைவை நாம் விவரிக்கத் தேவையில்லை. 14 நாடுகளில் 2,25,000 பேருக்கு மேல் மாண்டார்கள். தமிழகத்தில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர். அவர்களில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல். இலங்கையின் கிழக்குக் கரையில் மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனை என்று முஸ்லிம்கள் நெருக்கமாக வாழும் ஊர்கள் அடுத்தடுத்து நொறுங்கின.

இரண்டாவது, மூன்று மாதம் கழித்து 2005 மார்ச் 28 இரவு. இஷா தொழுகைக்குப் பிறகு, 9.39 மணி. அளவு 8.6. மூன்றாவது, 2012 ஏப்ரல் 11, லுஹர் நேரத்தில், பிற்பகல் 2.08 மணி. அளவு மறுபடியும் 8.6. இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவில் இன்னொன்று. சென்னையில் மாடிக் கட்டடங்களில் இருந்தவர்கள் தெருவுக்கு இறங்கினார்கள். மெரினா கடற்கரையிலிருந்து மக்களைப் போலீசார் வெளியேற்றினார்கள்.

2005இலும் 2012இலும் நமது கரைக்கு அழிவு தரும் அலை வரவில்லை. 2012இல் சுமத்திராவின் மெலாபோ நகரில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவுக்குக் கடல் எழுந்தது. நமது கரையில் கருவிகளுக்கு மட்டுமே தெரியக்கூடிய ஏற்றம்தான்.

ஒரே கடல், மூன்று பெரிய நடுக்கங்கள். ஏன் ஒன்று மட்டும் அப்படி ஆனது?

பள்ளிவாசல் ஹவுளை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அடித்தளத்தை யாரோ கீழிருந்து திடீரென்று ஓர் அடி மேலே தூக்கினால், மேலே நிற்கும் தண்ணீர் முழுவதும் எழும்பி நாலாபுறமும் வழியும். அதே தளம் பக்கவாட்டில் ஓர் அடி நகர்ந்தால் சிறிது அலம்பும், அவ்வளவுதான். 2004இல் நடந்தது முதல் வகை. இந்தியத் தட்டு சுமத்திரா, அந்தமான் தீவுகளுக்கு அடியில் செருகிக்கொண்டே போகிறது. செருகும் இடத்தில் பல காலமாக இறுகிக்கிடந்த விளிம்பு, சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு விடுபட்டது. கடலடி பல மீட்டர் எழும்பியது. மேலே நின்ற கடலும் எழும்பியது. 2012இல் உடைந்தது அந்த விளிம்பு அல்ல. அதற்கு வெளியே, தட்டின் உட்பகுதி. பாறைகள் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகர்ந்தன. 2005இல் தளம் மேலே எழும்பியது உண்மைதான். ஆனால் எழும்பிய பகுதியில் பெரும்பங்கு தீவுகளுக்கும் ஆழமில்லாத கடலுக்கும் கீழே இருந்தது. தள்ளுவதற்கு அங்கே தண்ணீர் அதிகம் இல்லை. அந்த நடுக்கத்தில் நியாஸ் தீவில் மாண்டவர்கள் அலையால் மாண்டவர்கள் அல்லர், வீடுகள் இடிந்து விழுந்து மாண்டவர்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 9.1க்கும் 8.6க்கும் அரைப் புள்ளிதானே என்று தோன்றும். அளவு ஒரு புள்ளி கூடினால் வெளிப்படும் சக்தி 32 மடங்கு கூடுகிறது. அரைப் புள்ளி என்றாலே ஐந்து மடங்குக்கு மேல்.

எச்சரிக்கை எப்படி உருவாகிறது

2004இல் நமது கடலுக்கென்று எச்சரிக்கை மையம் எதுவும் இருக்கவில்லை. சுமத்திராவில் பூமி குலுங்கியது 6.29 மணிக்கு, சென்னைக் கரையை அலை தொட்டது ஏறத்தாழ 9 மணிக்கு. இரண்டரை மணி நேரம் கையில் இருந்தும் கரையில் இருந்த ஒருவருக்கும் செய்தி இல்லை. அந்த இரண்டரை மணி நேரத்தை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

2007 அக்டோபரிலிருந்து ஹைதராபாத்தில் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் இரவும் பகலும் ஆட்கள் கண்விழித்திருக்கிறார்கள். நிலநடுக்கம் ஏற்பட்ட சில நிமிடங்களில் அதன் இடமும் அளவும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். முதல் அறிக்கை அதை மட்டும்தான் சொல்லும். பிறகு, முன்பே கணக்கிட்டு வைத்த மாதிரிகளைக் கொண்டு எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்தில் அலை வரக்கூடும் என்று இரண்டாம் அறிக்கை சொல்லும். கடலடியில் வைத்த அழுத்தமானிகளும் கரையோர அலைமானிகளும் உண்மையிலேயே அலை கிளம்பியதா என்பதைக் காட்டிய பிறகுதான் அடுத்த அறிக்கைகள் உறுதியாகப் பேசும். எனவே முதல் சில நிமிடங்களில் "இது பக்கவாட்டு நகர்வு, பயமில்லை" என்று எவராலும் சொல்ல முடியாது. அது தெரியும்வரை காத்திருந்து எச்சரிப்பதென்றால், பக்கத்துத் தீவுக்காரர்களுக்கு எச்சரிக்கையே போய்ச் சேராது. 2012இல் வந்தது பொய் எச்சரிக்கை அல்ல என்று நாம் சொல்வது இதனால்தான்.

அளவு மாறுவதைப் பார்த்தும் சிலர் சந்தேகப்படுகிறார்கள். 2012இல் முதலில் 8.9 என்றார்கள், பிறகு 8.7, முடிவில் 8.6. 2004இல் தலைகீழ்: முதலில் 8.0 என்று குறைத்து மதிப்பிட்டு, மணிக்கணக்கில் ஏற்றிக்கொண்டே போனார்கள். நிலநடுக்கம் எவ்வளவு பெரிதோ, அதை அளந்து முடிக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். எண் மாறுவது ஏமாற்று வேலை அல்ல.

அறிவிப்பில் மூன்று படிகள் உண்டு. உச்சப்படி 'எச்சரிக்கை': இரண்டு மீட்டருக்கு மேல் அலை எதிர்பார்க்கப்படுகிறது, கரையை விட்டு உள்ளே போய்விட வேண்டும். அடுத்தது 'உஷார்': கடற்கரைக்கும் தாழ்வான இடங்களுக்கும் போகக் கூடாது. கடைசி 'கண்காணிப்பு': செய்தியைக் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். 2012இல் நிக்கோபார் தீவுகளுக்கு உச்சப்படி அறிவிப்பு வந்தது. நமது கரைக்கு அதைவிடக் குறைந்த நிலைதான். வாட்ஸ்அப்பில் பகிரும்போது இந்த வேறுபாடு தொலைந்துபோகிறது. எந்த மாவட்டத்துக்கு எந்த நிலை, எத்தனை மணிக்கு வந்த அறிக்கை என்ற இரண்டும் இல்லாத செய்தியை அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள்.

உண்மையிலேயே பொய்யான எச்சரிக்கை ஒன்றும் நமக்கு நேர்ந்திருக்கிறது. 2004 டிசம்பர் 30, பேரழிவு நடந்து நான்கே நாள். இன்னொரு பெரும் நிலநடுக்கமும் சுனாமியும் வரப்போவதாக அமெரிக்காவிலிருந்த ஒரு தனியார் நிறுவனம் சொன்னதை நம்பி டெல்லியிலிருந்து எச்சரிக்கை கிளம்பியது. கடலோரமெங்கும் ஓட்டமும் பதற்றமும். மையத்துகளை அடக்கிக்கொண்டிருந்தவர்களும் உணவு கொடுத்துக்கொண்டிருந்தவர்களும் வேலையைப் போட்டுவிட்டு ஓட நேர்ந்தது. அன்றே அதற்கு ஆதாரமில்லை என்று தெரியவந்தது. இதிலிருந்து பிரித்தறியும் வழி கிடைக்கிறது. நடந்துவிட்ட நிலநடுக்கத்தை அளந்து சொல்வது எச்சரிக்கை. நடக்கப்போகும் நிலநடுக்கத்துக்குத் தேதி குறித்துச் சொல்வது எதுவானாலும் அது அறிவியலும் அல்ல, செய்தியும் அல்ல.

நமக்கு எவ்வளவு நேரம்?

ஆழ்கடலில் சுனாமி மணிக்கு சுமார் 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். உயரம் ஒரு மீட்டர்கூட இராது. படகில் இருப்பவர் அதை உணரவே மாட்டார். கரையை நெருங்க நெருங்க வேகம் குறைந்து உயரம் கூடும். சுமத்திராப் பக்கம் நடுக்கம் ஏற்பட்டால் தமிழகக் கரைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அதாவது நமக்கு நிலம் குலுங்கியதே தெரியாமல் போகலாம். அலை மட்டும் வரலாம். நமது ஊர்களுக்கு அறிவிப்பு ஒன்றே ஆதாரம்.

அச்சே மக்களுக்கு அப்படியில்லை. 2004இல் பண்டா அச்சேயை அலை எட்டியது இருபது நிமிடத்துக்குள். அங்கே குலுக்கலே எச்சரிக்கை. இதை நன்கு அறிந்தவர்கள் சிமலூ தீவு மக்கள். அச்சேக்கு மேற்கே, நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் உள்ள தீவு அது. ஏறக்குறைய எல்லோரும் முஸ்லிம்கள். 1907இல் அங்கே பெரும் அலை வந்து ஏராளமானோர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, பிள்ளைகளைத் தூங்கவைக்கும்போது கதையாகவும் பாட்டாகவும் சொல்லிவந்தார்கள்: பூமி பலமாகக் குலுங்கிக் கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு. கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து, 2004இல், பத்து நிமிடத்தில் அலை வந்துவிட்டது. அதற்குள் "ஸ்மோங்! ஸ்மோங்!" என்ற கூச்சலோடு தீவே மலையேறிவிட்டது. சுமார் 78,000 பேரில் மாண்டவர்கள் ஏழு பேர். கருவி இல்லை, கைப்பேசி இல்லை. பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன ஒரு சொல் இருந்தது.

அதே கடலில் மெந்தாவாய் தீவுகளில் 2010 அக்டோபர் 25 இரவு நடந்ததையும் சொல்ல வேண்டும். குலுக்கல் பலமாக இல்லை, ஆனால் நீண்ட நேரம் நீடித்தது. 'லேசான நடுக்கம்தானே' என்று பலர் வீட்டிலேயே இருந்தார்கள். 400 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தமானிலோ இந்தோனேசியாவிலோ நமது உறவுகள் இருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். பலமான குலுக்கல் மட்டுமல்ல, நெடுநேரக் குலுக்கலும் ஓடுவதற்கான அடையாளம்.

செய்தி கடைசி வீடுவரை போகவேண்டும்

2004இல் நமது கரையிலேயே எச்சரிக்கை கிடைத்த ஊர் ஒன்று உண்டு. புதுச்சேரி அருகே நல்லவாடு. அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் செய்தி பார்த்து வீட்டுக்குப் போன் செய்தார். வீட்டுக்குள் கடல்நீர் கசிந்து வருவதாக இங்கிருந்து பதில் வந்தது. உடனே ஓடச்சொன்னார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையம் ஒன்று இருந்தது. அதில் ஒலிபெருக்கி இருந்தது. மையம் பூட்டியிருந்ததால் கதவை உடைத்துத் திறந்து அறிவித்தார்கள். 3,600 பேர் கொண்ட ஊர் உயிரிழப்பின்றித் தப்பியது.

இதைப் படிக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் ஒரு மகனோ மருமகனோ வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். அவர்களுடைய போன் நமக்கு முன்பே செய்தியறியக்கூடும். அதைவிட நம் மனதில் தைப்பது அந்தப் பூட்டிய கதவு. நமது பள்ளிவாசல் மைக் அறையின் சாவி எங்கே இருக்கிறது? முஅத்தின் ஊரில் இல்லாத நாளில் யாரிடம் இருக்கும்? மின்சாரம் போனால் மைக் எதில் ஓடும்? இந்த மூன்றையும் மஹல்லா நிர்வாகிகள் வரும் ஜும்ஆவுக்குள் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பாங்கு சொல்லும் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை சொல்வதற்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அது எல்லாச் சமுதாயத்தாருக்குமான அறிவிப்பாகவும் இருக்க வேண்டும். பக்கத்துக் குப்பத்துக்கு ஆள் அனுப்புவதும் அதில் சேர்த்தி.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கடலூர் மாவட்டத்தில் அன்று இறந்த பெண்கள், இறந்த ஆண்களைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள், அலை அவர்களுக்குக் கீழே கடந்துபோனது. பெண்கள் மீனை வாங்கக் கரையில் காத்திருந்தார்கள், அல்லது வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். அச்சேயின் பல கிராமங்களிலும் பிழைத்தவர்களை எண்ணியபோது பெண்கள் மிகக் குறைவு. நீந்தவும் மரமேறவும் பழகாதவர்கள், கையில் குழந்தை, காலைச் சுற்றும் உடை, வீட்டில் நடக்க முடியாத மாமியார். செய்தி கடைவீதியிலும் பள்ளிவாசலிலும் மட்டும் சுற்றினால் வீட்டிலிருக்கும் பெண்ணுக்குக் கடைசியில்தான் வந்துசேரும். ஆண்கள் வெளியூரில் இருக்கும் வீடு எது, படுக்கையில் முதியவர் இருக்கும் வீடு எது, பிரசவம் நெருங்கிய பெண் எங்கே என்ற பட்டியல் ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பேர் கையில் இருக்கட்டும். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. ஆளில்லாத வீட்டுக்குள் தயங்காமல் போய்க் கூட்டிவர அவரால் முடியும். கணவர் வரட்டும், அத்தாவிடம் கேட்போம் என்று காத்திருக்க வேண்டாம். "அறிவிப்பு வந்தால் நீங்களே கிளம்பிவிடுங்கள்" என்று ஆண்கள் இன்றைக்கே வீட்டில் சொல்லிவைக்க வேண்டும்.

எங்கே போவது? 2012இல் பண்டா அச்சேயில் சுனாமிக்காகவே கட்டிய உயரமான கட்டடங்கள் இருந்தன. பலர் அவற்றில் ஏறாமல் மோட்டார் சைக்கிளையும் காரையும் எடுத்தார்கள். சாலைகள் அடைத்துக்கொண்டன. 2004ஐப் போன்ற அலை அன்று வந்திருந்தால் அந்த நெரிசலிலேயே ஆயிரக்கணக்கானோர் சிக்கியிருப்பார்கள். நடக்கக்கூடியவர்கள் நடந்தே போகட்டும். வண்டி, முடியாதவர்களுக்கு. நமது கரை சமதளம், ஓடி ஏற மலை கிடையாது. கடலிலிருந்து விலகி உள்ளே போவது முதல் வழி. நேரம் இல்லையென்றால் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் இரண்டாம் மாடி அல்லது அதற்கு மேல். ஆற்று முகத்துவாரம், உப்பங்கழி, வாய்க்கால் ஓரமாக ஓடவே கூடாது. தண்ணீர் அந்த வழியாகத்தான் நெடுந்தூரம் உள்ளே வரும்.

எல்லாம் அடித்துச்செல்லப்பட்ட வெளியில் பள்ளிவாசல் மட்டும் நிற்கும் அச்சேயின் படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பண்டா அச்சேயின் பைத்துர்ரஹ்மான் பெரிய பள்ளியில் ஏறி நின்று பிழைத்தவர்கள் உண்டு. அல்லாஹ்வின் நாட்டம் என்று நாம் சொல்கிறோம். கூடவே அந்தக் கட்டடங்களின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். கனமான தூண்கள், சுற்றிலும் திறந்த தளம். தண்ணீர் மோதாமல் ஊடே புகுந்து போக இடமிருந்தது. ஓட்டுக்கூரை போட்ட சிறு பள்ளிகள் பல வீடுகளோடு சேர்ந்தே போய்விட்டன. பள்ளிவாசல் என்பதற்காக மட்டும் கடலோரத் தரைத்தளத்தில் போய் அமர்ந்துவிடக் கூடாது.

போனவர்கள் எப்போது திரும்புவது?

சுனாமி ஒரே அலை அல்ல. இலங்கையின் தென்மேற்குக் கரையில் பெரலிய என்ற இடத்தில், கொழும்பிலிருந்து வந்த ரயில் முதல் அலையால் நின்றது. சுற்றுவட்டார மக்கள் பாதுகாப்பு என்று நினைத்து ரயிலில் ஏறினார்கள், அதன் பின்னால் ஒதுங்கினார்கள். அடுத்து வந்த அலை முதலாவதைவிடப் பெரிது. ரயில் பெட்டிகள் உருண்டன. ஆயிரம் பேருக்கு மேல் அந்த ஓரிடத்தில் மாண்டார்கள். முதல் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே அரை மணி நேரமோ அதற்கு மேலோ இருக்கலாம். அந்த இடைவெளியில்தான் நகையை எடுக்க, ஆட்டை அவிழ்க்க, கடலை வேடிக்கை பார்க்க என்று மக்கள் திரும்புகிறார்கள்.

2012இல் பெருங்கடல் முழுவதற்குமான எச்சரிக்கையை விலக்க நான்கு மணி நேரம் ஆனது. 2025 ஜூலையில் ரஷ்யாவின் கம்சட்கா அருகே 8.8 அளவில் நடுக்கம் ஏற்பட்டபோது, ஜப்பானில் கடைசி அறிவிப்பு விலக்கப்பட்டது மறுநாள் மாலையில். அங்கே பெரிய அழிவு எதுவும் இல்லை. ஆனாலும் அதுவரை அறிவிப்பு நடப்பிலேயே இருந்தது. எனவே கிளம்பும்போதே ஓர் இரவுக்கானதை எடுத்துக்கொள்ளுங்கள்: குடிநீர், குழந்தைக்குப் பால், அன்றாட மாத்திரைகள், ரேஷன் கார்டும் ஆதாரும் வைத்த பிளாஸ்டிக் பை, போன் சார்ஜர். இந்தப் பை இப்போதே கட்டி வைத்திருந்தால்தான் பயன். எச்சரிக்கை வந்த பிறகு பீரோவைத் திறக்கக் கூடாது.

அறிவிப்பு விலக்கப்பட்டது என்று மாவட்ட நிர்வாகம் சொன்ன பிறகு, பட்டியல் வைத்திருக்கும் இருவர் தம் தெருவாரைத் தலையெண்ணிச் சரிபார்த்து அனுப்பட்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கு ஒருவர் ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். ஆளாளுக்கு அழைத்தால் இணைப்பு அடைத்துக்கொள்ளும், உண்மையில் உதவி தேவைப்படுபவரின் அழைப்பு போகாது.